டாங்கைத் தோண்டினால் போதாது, மண்ணைச் சோதிக்க வேண்டும்!

(வட்டாரக் கூட்டத்தில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வர முடியாதவர்களும் படிக்க வேண்டும் என்பதற்காக அச்சிட்டுத் தரப்படுகிறது. படித்தபின் பக்கத்துத் தோட்டத்துக்குக் கொடுங்கள்.)



பால் கறவை நேரத்தையும், தண்ணி கட்டுற வேலையையும் ஒதுக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். மும்முனை கரண்டு எத்தனை மணிக்கு வரும் என்று உங்கள் காது மோட்டார் ரூம் பக்கமே இருக்கும் என்பது நமக்குத் தெரியும். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

நம்ம ஊர் விலக்கு ரோட்டில் இருக்கிற பெட்ரோல் பங்க் மூடி நாலு மாதம் ஆகிறது. குத்தகை முடிந்துவிட்டது. மேலே இருந்த கூரையைக் கழற்றிவிட்டார்கள். பம்புகளைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது பூமிக்குள் இருக்கிற மூன்று டாங்குகளை எடுக்கப் போகிறார்கள். அடுத்த வாரம் பொக்லைன் வருகிறது, கிரேன் வருகிறது என்று ஒப்பந்தக்காரர் ஆளே டீக்கடையில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

"எடுத்துட்டுப் போகட்டுமே, நமக்கென்ன?" என்று கேட்கலாம். நமக்கென்ன என்பதைத்தான் இன்றைக்குப் பேசப் போகிறோம்.

ஒரு கையெழுத்தில் இருக்கிற கண்ணி

அந்த இடம் கம்பெனி இடம் அல்ல. நம்ம சங்க உறுப்பினரான ஒரு அக்காவின் 40 சென்ட் பூமி. வீட்டுக்காரர் இருந்த காலத்தில், 1990-களின் நடுவில், மகள் கல்யாணக் கடனுக்காக நீண்ட கால குத்தகைக்கு விட்டது. அவர் காலமாகிவிட்டார். இப்போது இடம் அக்கா கைக்குத் திரும்பி வருகிறது. நல்ல விஷயம்தான்.

ஆனால் கூடவே ஒரு காகிதமும் வந்திருக்கிறது. "இடத்தை நல்ல நிலையில், எவ்விதப் பாக்கியும் ஆட்சேபணையும் இன்றிப் பெற்றுக்கொண்டேன். இனி இது தொடர்பாக எந்த உரிமையும் கோர மாட்டேன்" என்கிற மாதிரி ரெண்டு பக்கம். அக்கா அதைத் தூக்கிக்கொண்டு சங்கத்துக்கு வந்தார். "தம்பி, கையெழுத்துப் போட்டாத்தான் பாக்கி வாடகை தருவாங்களாம். போடட்டுமா?" என்று கேட்டார்.

நாங்கள் திருப்பிக் கேட்டோம்: "அக்கா, இடம் நல்ல நிலையில் இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"மேலாக்க பார்த்தா நல்லாத்தான் இருக்கு" என்றார்.

மேலாக்கப் பார்த்தால் நல்லாத்தான் இருக்கும். உள்ளே 12 அடி ஆழத்தில் என்ன இருக்கிறது என்று அக்காவுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது, காகிதம் எழுதிய வக்கீலுக்கும் தெரியாது. தெரியாத ஒன்றை நல்லா இருக்கிறது என்று கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். நாளைக்கு அந்த மண்ணில் விஷம் இருக்கிறது என்று தெரியவந்தால் அது யாருடைய விஷம்? கம்பெனி விஷம் அல்ல, அக்கா விஷம்! பக்கத்துத் தோட்டத்துக்காரன் கேஸ் போட்டால் அக்கா மேல்தான் போடுவான்.

அதனால் சங்கம் அவருக்குச் சொன்ன பதில்: "வாடகைப் பாக்கி உங்க உரிமை. அது வேற, இது வேற. மண் பரிசோதனை ரிசல்ட் வராமல் இந்தக் காகிதத்தில் பேனா படக் கூடாது." அக்கா இன்று வரை கையெழுத்துப் போடவில்லை. இந்தக் கூட்டம் அவருக்குத் துணையாகத்தான்.

நாமும் ஒரு தப்பு செய்திருக்கிறோம்

மேடையில் நின்று அடுத்தவனைக் குறை சொல்வது சுலபம். முதலில் நம்ம தப்பைச் சொல்லிவிடுவோம்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் டவுனுக்குப் போகிற வழியில் ஒரு பழைய பங்க்கை எடுத்தார்கள். ராத்திரியோடு ராத்திரியாக டாங்குகளைத் தூக்கினார்கள். தோண்டிய மண்ணை ஓரமாகக் குவித்தார்கள். கிராவல் விலை ஏறியிருந்த நேரம். "டிராக்டர் கொண்டு வந்தா சும்மா அள்ளிக்கலாம்" என்றார்கள். அள்ளினது யார்? நாம்தான். நம்ம ஆட்கள் களம் மேவினார்கள், வீட்டு வாசல் நிரவினார்கள். ஒருத்தரும் அந்த மண்ணை மோந்து பார்க்கவில்லை. மோந்து பார்த்தவர்களும், "பெட்ரோல் வாசம் ரெண்டு நாள்ல போயிரும்" என்று சொல்லிவிட்டோம்.

அடுத்த மழைக்காலம் முடிந்து கிணறு ஊறின பிறகு, அந்த இடத்துக்குக் கீழ்ப்புறத் தோட்டத்துக்காரர் கிணற்றில் தண்ணி மேல் ஏடு மாதிரி ஒரு படலம். வெயில் பட்டால் வானவில் நிறம். மாடு வாய் வைக்க மாட்டேன் என்கிறது. அவர் ஏறாத ஆபீஸ் இல்லை. எல்லா இடத்திலும் ஒரே கேள்வி: "பங்க்ல இருந்துதான் வந்ததுன்னு என்ன ஆதாரம்? உங்க டீசல் என்ஜின்ல இருந்து சிந்தியிருக்கலாமே?"

அவரிடம் ஆதாரம் இல்லை. ஏன் இல்லை? ஆதாரம் அந்தக் குழிக்குள் இருந்தது. குழியை மூடிவிட்டார்கள். மிச்ச ஆதாரத்தை நாம் டிராக்டரில் அள்ளிக்கொண்டு வந்து களம் மேவிவிட்டோம்!

சிந்தித்துப் பாருங்கள். டாங்க் பூமிக்குள் இருக்கிற வரைக்கும் அடியில் என்ன நடக்கிறது என்று லேசில் பார்க்க முடியாது. டாங்கைத் தூக்கிக் குழியை மூடிய பிறகும் பார்க்க முடியாது. நடுவில் குழி திறந்து கிடக்கிற அந்த ஒன்றிரண்டு நாள்தான் மண் வாயைத் திறந்து சாட்சி சொல்கிற நாள். அந்த நாளை ஒரு தடவை விட்டுவிட்டோம். இரண்டாம் தடவை விடப் போவதில்லை. இந்தப் போராட்டத்தின் முழு அர்த்தமும் இவ்வளவுதான்.

கசிவு எப்படி, எவ்வளவு?

பங்க்குகளில் புதைக்கிற டாங்க் ஒவ்வொன்றும் 10 ஆயிரம், 20 ஆயிரம் லிட்டர் பிடிக்கும். பழைய காலத்தில் போட்டது ஒற்றைத் தகடு இரும்பு டாங்க். இருபது முப்பது வருஷம் ஈர மண்ணுக்குள் கிடந்த இரும்பு என்ன ஆகும் என்று கிணற்றில் பைப் இறக்கிய நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. டாங்க் நன்றாக இருந்தாலும் பைப் இணைப்பில் கசியும், டேங்கர் லாரியில் இருந்து இறக்குகிற வாயில் சிந்தும், பம்புக்கு அடியில் சொட்டும்.

"தினமும் அளவுக் கம்பி விட்டுப் பார்க்கிறாங்களே, கசிஞ்சா தெரியாதா?" என்று கேட்பீர்கள். பெரிய ஓட்டை என்றால் தெரியும். ஊசி முனை ஓட்டை தெரியாது. பெட்ரோல் வெயிலுக்கு விரியும், குளிருக்குச் சுருங்கும், ஆவியாகும். அந்த ஏற்ற இறக்கத்துக்குள் ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் ஒளிந்துகொள்ளும். ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் என்றால் பத்து வருஷத்துக்கு 3,650 லிட்டர்!

பெட்ரோலுக்குள் பென்சீன் என்று ஒரு பொருள் இருக்கிறது. மனிதனுக்குப் புற்றுநோய் வரவைக்கிறது என்று உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட பொருள். இன்றைய பெட்ரோலில் அது 1 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. பழைய பெட்ரோலில் இதைவிட அதிகமாகவே அனுமதித்திருந்தார்கள். குடிதண்ணீரில் ஒரு லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் பென்சீன் ஆகாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

கணக்குப் போடுவோம். 1 லிட்டர் பெட்ரோலில் 1 சதவீதம் என்றால் 10 மில்லி பென்சீன். அது 8 கிராமுக்கு மேல். 0.01 மில்லிகிராம் கணக்குக்கு, அது 8 லட்சம் லிட்டருக்கும் மேற்பட்ட தண்ணீரை வரம்பு தாண்ட வைக்கப் போதும். 20 அடிக்கு 20 அடி கிணற்றில் 10 அடி தண்ணி நின்றால் 1 லட்சத்து 13 ஆயிரம் லிட்டர். அப்படிப் பார்த்தால் ஒரு லிட்டர் பெட்ரோல் ஏழு கிணற்றுக் கணக்கு! முழுவதும் அப்படியே தண்ணீரில் கரைந்துவிடாது, கொஞ்சம் ஆவியாகும், கொஞ்சம் மண்ணில் ஒட்டும். அதையும் சொல்லிவிடுகிறோம். ஆனால் கசிவது ஒரு லிட்டரோடு நிற்பதும் இல்லையே!

இன்னொன்று. நம் நாட்டில் ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனை 2000 பிப்ரவரி 1-ம் தேதிதான் முழுவதுமாக நின்றது. விலக்கு ரோட்டு டாங்குகள் அதற்கு முந்திப் புதைத்தவை. ஆகவே அங்கே ஈயத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பென்சீனாவது ஆவியாகும், கிருமி தின்னும். ஈயம் போன இடத்தில் கிடக்கும்.

நம்ம பூமி எப்படிப்பட்டது? மேலே நாலைந்து அடி செம்மண், கீழே சுக்கான், அதற்குக் கீழே பாறை. பாறை வெடிப்பில்தான் நமக்கு ஊற்றுக்கண். பெட்ரோலும் அதே வெடிப்பில்தான் நடக்கும். எந்தப் பக்கம் போகும் என்று மேலே நின்று சொல்ல முடியாது. பங்க்குக்குக் கிழக்கே நான்கு தோட்டத்துக் கிணறு இருக்கிறது. ஊர் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணி ஏற்றுகிற போர் 300 அடி தூரத்தில் இருக்கிறது. நம்ம பிள்ளைகள் குடிக்கிற தண்ணி அது!

"வாசம் ஒண்ணும் வரலையே" என்று யாரும் ஏமாற வேண்டாம். தண்ணீரில் பென்சீன் மூக்குக்குத் தெரிகிற அளவு, குடிக்கலாம் என்கிற அளவைவிடப் பல மடங்கு மேலே. மூக்கு சொல்வதற்கு முன்னாலேயே வயிற்றுக்குள் போயிருக்கும்.

நமக்குத் தெரிந்த மண் பரிசோதனை இதற்கு ஆகாது

இதைக் கவனமாகக் கேளுங்கள். நாளைக்கு நம்மை ஏமாற்ற இதுதான் வழி.

"மண் டெஸ்ட் தானே, எடுத்தாச்சு, ரிசல்ட் நல்லா இருக்கு" என்று ஒரு சீட்டை நீட்டுவார்கள். அதில் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, கார அமில நிலை, உப்பின் நிலை எல்லாம் இருக்கும். அது உரம் போடுவதற்கான பரிசோதனை. அதில் பெட்ரோலும் தெரியாது, பென்சீனும் தெரியாது.

சீட்டு மட்டுமல்ல, மண் எடுக்கிற முறையே வேறு. உரத்துக்கு எப்படி எடுப்போம்? வயலில் பத்துப் பதினைந்து இடத்தில் 'வி' மாதிரி வெட்டி, அரை அடி ஆழத்தில் சுரண்டி, எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, நிழலில் உலர்த்தி, நாலு பங்காகப் பிரித்து, அரை கிலோவைத் துணிப்பையில் போட்டுக் கொடுப்போம். பெட்ரோல் பட்ட மண்ணை இப்படி எடுத்தால் என்ன ஆகும்? கலக்கும்போதே பாதி ஆவியாகிவிடும். நிழலில் உலர்த்தினால் மிச்சமும் பறந்துவிடும். கெட்ட மண்ணுக்கு நல்ல சீட்டு வந்துவிடும்!

சரியான முறை இதுதான்:

1. டாங்கைச் சுற்றிப் போட்ட நிரப்பு மணலில் மட்டும் எடுத்து முடித்துவிடக் கூடாது. டாங்க் உட்கார்ந்திருந்த இடத்துக்கு அடியில், கை படாத இயற்கை மண்ணில் எடுக்க வேண்டும். அடிமட்டத்தில் இருந்து ரெண்டு அடி ஆழத்துக்குள் எடுப்பது வழக்கம்.

2. ஒவ்வொரு டாங்குக்கும் இரண்டு முனைக்கு அடியிலும் எடுக்க வேண்டும். பைப் போன வழி, லாரியில் இருந்து இறக்குகிற வாய், பம்பு நின்ற இடம், இவற்றுக்கு அடியிலும் எடுக்க வேண்டும். கறை தெரிகிற இடம், வாசம் வருகிற இடம் இருந்தால் அங்கே கட்டாயம்.

3. ஒவ்வொரு இடத்து மண்ணும் தனித்தனி. கலக்கக் கூடாது, உலர்த்தக் கூடாது. தோண்டிய உடனே கண்ணாடி ஜாடியில் காற்றுக்கு இடமில்லாமல் நிரப்பி இறுக மூடி, ஐஸ் பெட்டியில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். துணிப்பையும் பிளாஸ்டிக் கவரும் ஆகாது.

4. குழியில் தண்ணி ஊறினால் அந்தத் தண்ணியையும் எடுக்க வேண்டும். சுற்றி இருக்கிற நான்கு கிணறு, ஊர் போர், இவற்றின் தண்ணியும் அதே நாளில். ஒப்பிட்டுப் பார்க்க, மேட்டுப்புறத்தில் பங்க்குக்குச் சம்பந்தமில்லாத தோட்டத்து மண்ணும் ஒன்று.

5. பார்க்க வேண்டியவை: மொத்த பெட்ரோலிய ஹைட்ரோகார்பன், பென்சீன், டொலுவீன், எத்தில்பென்சீன், சைலீன், ஈயம். டீசல் டாங்க் இருந்த இடத்தில் பல வளைய ஹைட்ரோகார்பன்களும். இந்தப் பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். இந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். சீட்டில் இந்தப் பெயர்கள் இல்லை என்றால் அது நமக்கான சீட்டு இல்லை.

6. ஆய்வகம் தேசிய அங்கீகாரம் பெற்ற ஆய்வகமாக இருக்க வேண்டும். ஜாடிகளுக்கு அந்த இடத்திலேயே சீல் வைத்து, எந்த ஜாடி எந்த இடத்து மண், எத்தனை மணிக்கு எடுத்தது என்று மகஜர் எழுதி, வி.ஏ.ஓ., ஊராட்சித் தலைவர், நில உரிமையாளர், சங்கத்தின் சார்பில் ஒருவர் கையெழுத்திட வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் ரெண்டு ஜாடி எடுத்து ஒன்றைத் தனி ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும்.

ரிசல்ட் வரும் வரை குழியை மூடக் கூடாது. வேலி போட்டு, மழைத் தண்ணி இறங்காமல் வரப்புக் கட்டி வைக்கட்டும். தோண்டிய மண் தார்ப்பாய் விரித்து, மேலே தார்ப்பாய் போர்த்திக் கிடக்கட்டும். ஒரு கூடை மண் வெளியே போகக் கூடாது.

மற்ற இடங்களில் என்ன நடந்தது?

இது நம்ம ஊர்க் கற்பனை பயம் இல்லை.

யாழ்ப்பாணத்தில் சுன்னாகம் என்று ஒரு ஊர். செம்மண் பூமி, கிணற்றுப் பாசனம், வெங்காயம், புகையிலை போடுகிற ஊர், நம்மைப் போல. அங்கே மின்சாரம் தயாரிக்கிற இடத்தின் எண்ணெய் நிலத்தடி நீரில் இறங்கி, சுற்று வட்டாரக் கிணறுகள் கெட்டன. வழக்கு இலங்கை உச்ச நீதிமன்றம் வரை போனது. 2019 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது: பாதிக்கப்பட்ட மக்களுக்காக அந்தத் தனியார் மின் நிறுவனம் 2 கோடி இலங்கை ரூபாய் கட்ட வேண்டும். அதைப் பிரித்தால் ஒரு குடும்பத்துக்கு அதிகபட்சம் 40 ஆயிரம் ரூபாய். ஜெயித்த வழக்கிலேயே இவ்வளவுதான். கிணறு கெட்ட பிறகு கிடைக்கிற நியாயம் இவ்வளவுதான் என்பதை மனதில் வையுங்கள்.

சென்னை தண்டையார்பேட்டையில் 2013-ல் பூமிக்கடியில் போகிற எண்ணெய்க் குழாய் கசிந்து, வீட்டு போர்களில் தண்ணியோடு எண்ணெய் வந்தது. 2017 ஜூன் 30-ம் தேதி தஞ்சை மாவட்டம் கதிராமங்கலத்தில் வயலுக்கடியில் போகிற குழாய் உடைந்து கச்சா எண்ணெய் வெளியே வந்தது. நியாயம் கேட்டு நின்ற ஜனங்களுக்குக் கிடைத்தது தடியடியும் ஜெயிலும். அதை நாம் மறக்கவில்லை.

அமெரிக்காவைப் பாருங்கள். பூமிக்கடி டாங்குகளுக்கென்றே 1984-ல் சட்டத்தைத் திருத்தினார்கள், 1988-ல் விதி போட்டார்கள். டாங்கை நிரந்தரமாக மூடுவதற்கு 30 நாள் முன்பே அதிகாரிக்குச் சொல்ல வேண்டும். கசிவு எங்கே இருக்க அதிக வாய்ப்போ அங்கே அளந்து பார்த்த பிறகுதான் மூடிய கணக்கு. அப்படித் தேட ஆரம்பித்த பிறகு அங்கே இன்று வரை உறுதியான கசிவுகள் 5 லட்சத்துக்கும் மேல்! பணக்கார நாட்டு இரும்பே அவ்வளவு கசிந்திருக்கிறது. தேடினால்தான் தெரியும். தேடாத ஊரில் கசிவே இல்லை என்றுதான் கணக்கு இருக்கும்.

சட்டம் நம்ம பக்கம் இல்லையா?

இருக்கிறது. கேட்க ஆள் இல்லாமல் கிடக்கிறது.

ஒன்று. பங்க் திறக்கும்போது கலெக்டரிடம் தடையின்மைச் சான்று வாங்கினார்கள், வெடிபொருள் துறையிடம் உரிமம் வாங்கினார்கள். திறக்கும்போது இத்தனை கையெழுத்து கேட்டவர்கள் மூடும்போதும் வந்து நிற்கட்டும். நாங்கள் ஒரு ஆபீஸில் கேட்டோம்: "டாங்க் எடுக்கும்போது மண்ணை யார் சார் பார்ப்பாங்க?" அவர் பக்கத்து ஆபீஸைக் கை காட்டினார். பக்கத்து ஆபீஸ் இவரைக் கை காட்டியது. இந்தக் கை காட்டலுக்கு ஒரு முடிவு வேண்டும்.

இரண்டு. டாங்கைக் கழுவும்போது அடியில் வருகிற எண்ணெய் வண்டல் சாதாரணக் குப்பை அல்ல. 2016-ம் வருஷத்து அபாயகரக் கழிவு விதிகளின் முதல் அட்டவணையிலேயே பெட்ரோலிய டாங்க் கழுவிய வண்டல் இருக்கிறது. அதை ஓடையில் ஊற்றினால் குற்றம்.

மூன்று. மண்ணைக் கெடுத்தவன்தான் செலவு செய்ய வேண்டும் என்பது 1996-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன சட்டம். எந்த வழக்கில்? நம்ம பாலாற்றங்கரை, வேலூர் மாவட்டத் தோல் தொழிற்சாலைக் கழிவு வழக்கில். அதே தீர்ப்பில் இன்னொன்றும் சொன்னார்கள்: தன்னால் கேடு இல்லை என்று நிரூபிக்கிற பொறுப்பு தொழில் நடத்துகிறவனுடையது. ஆகவே "என்ன ஆதாரம்?" என்று அடுத்த தடவை நம்மைக் கேட்டால், "கசியலைங்கிறதுக்கு உங்ககிட்ட என்ன ஆதாரம்?" என்று திருப்பிக் கேளுங்கள். நொய்யல் பாசன விவசாயிகள் வருஷக்கணக்கில் விடாமல் நின்றதால்தான் 2011 ஜனவரியில் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. விவசாயி நின்றால் நடக்கும்.

நான்கு. 2025 ஜூலையில் மத்திய அரசு மாசடைந்த இடங்களுக்கென்றே புதிய விதிகளை அறிவித்திருக்கிறது. மாசு இருக்கலாம் என்று சந்தேகப்படுகிற இடங்களை மாவட்ட நிர்வாகம் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பட்டியல் போட வேண்டும். மாசுக் கட்டுப்பாடு வாரியம் 90 நாளுக்குள் முதல்கட்ட ஆய்வு செய்ய வேண்டும். கெடுத்தவர் யார் என்று கண்டுபிடித்துச் சுத்தம் செய்கிற செலவை அவரிடம் வாங்க வேண்டும். நம்ம விலக்கு ரோட்டு இடத்தை அந்தப் பட்டியலில் சேர்க்கச் சொல்லித்தான் மனு கொடுக்கப் போகிறோம்.

"பேரு கெட்டுப் போயிருமே!"

இப்போது நம்மவர்கள் சிலர் சொல்வதற்கு வருவோம். மறைக்க வேண்டியதில்லை. போன வாரம் சங்கத்திலேயே இது சண்டையாக வந்தது.

"டெஸ்ட் எடுத்து ரிசல்ட் கெட்டதா வந்துட்டா என்ன பண்றது? ஊர் பூரா விஷம்னு பேராயிரும். நம்ம தக்காளியை எவன் வாங்குவான்? பால் சொசைட்டில ஊத்த விடுவானா? சென்ட் விலை என்ன ஆகும்? பேசாம விட்டுடலாம்" என்று ஒருவர் கேட்டார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டோம். அவருக்கு ஒன்றரை ஏக்கர், பேங்க்கில் நகைக்கடன், படிக்கிற ரெண்டு பிள்ளை. அவர் பயம் நம்ம எல்லாருடைய பயம்.

அவருக்கு நாங்கள் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்கிறோம். டெஸ்ட் எடுக்காவிட்டால் விஷம் இல்லாமல் போய்விடுமா? இருக்கிற விஷம் நம்ம காகிதத்துக்காகக் காத்திருக்காது, மழைக்கு மழை கீழே இறங்கும். இன்றைக்குக் குழிக்கு அடியில் நாலு லோடு மண்ணோடு நிற்கிற கேடு, பத்து வருஷம் கழித்து நாலு கிணற்றில் நிற்கும். இன்றைக்குக் கண்டுபிடித்தால் செலவு கம்பெனியுடையது. பத்து வருஷம் கழித்துக் கண்டுபிடித்தால் செலவு நம்முடையது, வியாதியும் நம்முடையது.

அதோடு, எண்ணெய் பட்ட மண் என்றைக்கும் செத்த மண் அல்ல. கெட்ட மண்ணை அள்ளி முறையாக அப்புறப்படுத்தலாம். காற்றும் ஈரமும் சத்தும் கொடுத்தால் மண்ணில் இருக்கிற நுண்ணுயிர்களே எண்ணெயைத் தின்னும். குப்பைக் குழியைக் கிளறிவிட்டு எருவாக்குகிற நமக்கு இது புதுசு இல்லை. டெரி ஆராய்ச்சி நிறுவனம் இதற்கென்றே எண்ணெய் தின்னும் கிருமிக் கலவையை உருவாக்கி, எண்ணெய்க் கம்பெனிகளின் கழிவிலேயே பயன்படுத்தியிருக்கிறார்கள். வழி இருக்கிறது. முதலில் எங்கே, எவ்வளவு என்று தெரிய வேண்டும்.

ரிசல்ட் சுத்தம் என்று வந்தால்? ரொம்ப சந்தோஷம்! எல்லா பங்க்கும் கசியும் என்று நாம் சொல்லவில்லை. சுத்தம் என்று வந்தால் அக்கா நிம்மதியாகக் கையெழுத்துப் போடுவார். நாமே தண்டோரா போட்டுச் சொல்வோம். நமக்கு வேண்டியது கம்பெனியின் தோல்வி அல்ல. நமக்கு வேண்டியது உண்மை.

நம்ம கோரிக்கைகள்

1. தேதியை முன்கூட்டியே எழுத்து மூலம் ஊராட்சிக்கும் சுற்றுத் தோட்டக்காரர்களுக்கும் அறிவிக்காமல் டாங்கை எடுக்கக் கூடாது.

2. மாசுக் கட்டுப்பாடு வாரிய அதிகாரி முன்னிலையில், மேலே சொன்ன முறையில் மண்ணும் தண்ணியும் எடுக்க வேண்டும். செலவு கம்பெனியுடையது.

3. ரிசல்ட் வரும் வரை குழியை மூடக் கூடாது, மண்ணை வெளியே விடக் கூடாது.

4. ரிசல்ட்டைத் தமிழில் ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்ட வேண்டும்.

5. மாசு இருந்தால் சுத்தம் செய்து, மறுபடி சோதித்து, அதன் பிறகே இடத்தை உரிமையாளரிடம் ஒப்படைக்க வேண்டும். அதுவரை குத்தகை வாடகை தொடர வேண்டும். ஊருக்கு மாற்றுக் குடிதண்ணீர் தர வேண்டும்.

6. ஆறு வருஷத்துக்கு முன் மூடிய அந்தப் பழைய பங்க் இடத்தையும், நாம் அள்ளி வந்த மண் கிடக்கிற களங்களையும் சோதிக்க வேண்டும்.

அன்றைக்கு நாம் செய்யக் கூடாதது

உயிர் விஷயம். காலி டாங்க் என்று அலட்சியம் வேண்டாம். நிறைந்த டாங்கைவிடக் காலி டாங்க் ஆபத்து, உள்ளே முழுக்க ஆவி. பீடி, சிகரெட், தீப்பெட்டி எதுவும் கிட்டே வேண்டாம். காயலான் கடைக்காரர் அங்கேயே கேஸ் கட்டர் போட வந்தால் தடுத்து நிறுத்துங்கள். அந்த ஆவி காற்றைவிடக் கனம், பள்ளத்தில் தேங்கும். அதனால் வேடிக்கை பார்க்கக் கூட யாரும் குழிக்குள் இறங்கக் கூடாது, பிள்ளைகளைக் கிட்டே விடக் கூடாது. கிணற்றில் எண்ணெய் இருக்கிறதா என்று தீக்குச்சி கிழித்துப் போட்டுப் பார்க்கிற வேலை கண்டிப்பாகக் கூடாது. வண்டியை மறிப்போம், ஆனால் தொழிலாளி மேல் கை வைக்க மாட்டோம். அவனும் நம்மைப் போல் கூலிக்கு வந்தவன். அவன் நுரையீரலுக்கும் சேர்த்துத்தான் நாம் பேசுகிறோம்.

என்ன செய்யப் போகிறோம்?

வருகிற திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் வீட்டுக்கு ஒருவர் வர வேண்டும். மனு எழுதி வைத்திருக்கிறோம். கொடுத்ததற்கு ரசீது வாங்காமல் திரும்ப மாட்டோம். மாசுக் கட்டுப்பாடு வாரியத்துக்கும் கம்பெனிக்கும் ஒப்புகைச் சீட்டோடு பதிவுத் தபால் போகிறது. மாதாந்திர விவசாயிகள் குறைதீர்க் கூட்டத்திலும் எழுப்புவோம். அடுத்த கிராம சபையில் தீர்மானம். அதுவரைக்கும் விலக்கு ரோட்டில் வேப்ப மரத்தடியில் ராத்திரிக் காவல், முறை வைத்து, தினம் நாலு பேர். பொக்லைன் சத்தம் கேட்டால் போன் பண்ண வேண்டும். கோயில் மணி அடிக்க வேண்டும்.

போன தடவை குழி மூடுகிறபோது நாம் டிராக்டரோடு போய் நின்றோம். இந்தத் தடவை ஜாடியோடு போய் நிற்போம்.

அக்கா தனியாக இல்லை என்று அந்தக் காகிதம் எழுதியவர்களுக்குத் தெரியட்டும்!

மண்ணைச் சோதி! பிறகு குழியை மூடு!
கெடுத்தவனே சுத்தம் செய்!
ஊர்த் தண்ணீரைக் காப்போம்!
ஒன்றுபடுவோம்! போராடுவோம்! வெற்றி பெறுவோம்!